சோம்பல் என்று சொன்னேன்

என் நாவால் நான் செய்த ஒரு தவற்றை இங்கே எழுதுகிறேன். மாமியார் நிலையில் இருக்கும் சகோதரிகள் அவசியம் படிக்க வேண்டும்.

2021-ஆம் ஆண்டு என் மருமகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆயிற்று. மகன் வளைகுடா நாட்டில் பணியிலிருந்தான். நாற்பது கழிந்ததும் அவள் தாய்வீட்டிலிருந்து குழந்தையுடன் எங்கள் இல்லம் வந்தாள். முன்பெல்லாம் பஜ்ர் தொழுத கையோடு அடுப்படிக்கு வந்துவிடுபவள், இப்போது பத்து மணிக்கும் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். குழந்தை இரவெல்லாம் விழித்திருப்பதால் வந்த அசதி என்று எண்ணினேன். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, இரவில் நன்கு உறங்கத் தொடங்கிய பின்னும் அவளுடைய அசதி நீங்கவில்லை.

"இரவெல்லாம் உறங்கியும் உறங்காதவள் போலவே இருக்கிறது மாமி" என்பாள். நான் நம்பவில்லை. "நாங்கள் ஆறு பிள்ளை பெற்று, கிணற்றில் நீர் இறைத்து, மாவும் இடித்தவர்கள்" என்றேன். தொலைபேசியில் மகனிடம், "உன் மனைவிக்குச் சோம்பல் மிகுந்துவிட்டது" என்றும் சொன்னேன். அவன் அவளிடம் என்ன கேட்டானோ, அன்றிரவு அவள் அழுதது என் காதில் விழுந்தது. கேளாதவள் போல் இருந்துவிட்டேன்.

அவள் உடல் பல அடையாளங்களைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. சித்திரை வெயிலில் எங்களுக்கு வியர்த்துக் கொட்டும்போது, அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை தேடினாள். தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. குரல் கரகரத்தது. குறைவாக உண்டும் எடை ஏறியது. மலச்சிக்கல், மறதி, மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு எனத் தொல்லைகள் தொடர்ந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கூறினேன். கண்ணேறு என்று ஓதிப் பார்த்தோம். லேகியம் கிண்டிக் கொடுத்தேன். அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். பேரனுக்கு ஒன்றரை வயதில் தடுப்பூசி போடச் சென்றபோது, அவர் மருமகளின் குரலையும் வீங்கிய இமைகளையும் கவனித்து நாடி பார்த்தார். நாடி மிக மெதுவாக ஓடியது. இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். ஏறத்தாழ 4-க்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். அளவு 62 என்று வந்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. உடல் உறுப்புகள் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அதன் ஹார்மோன் முறைப்படுத்துகிறது. அது குறைந்தால் இதயம், குடல், தோல், மூளை யாவும் மந்தமாகும். அப்போது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை செய்யத் தூண்டுவதற்காக டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாக அனுப்பும். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கிச் சிதைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ இந்நோயை விவரித்தார். ஆண்களுக்கும் வரும் என்றாலும் பெண்களுக்கே மிகுதி. பிரசவத்துக்குப் பிந்திய ஓராண்டுக்குள் தைராய்டுக் கோளாறு தலைகாட்டுவதும் உண்டு.

லெவோதைராக்சின் மாத்திரையை நாள்தோறும் வெறும் வயிற்றில், தேநீருக்கும் காலை உணவுக்கும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதித்து அளவைத் திருத்தினார்கள். மூன்றாம் மாதம் அவள் குரல் தெளிந்தது. ஒரு நாள் காலை நான் எழுந்தபோது அடுப்படியில் விளக்கெரிந்தது.

அன்று அவளருகே அமர்ந்து, "என்னை மாப்புச் செய்துவிடு, அம்மா" என்றேன். மகனையும் தொலைபேசியில் அழைத்து, நான் சொன்னது தவறு என்றேன்.

எல்லா அசதிக்கும் தைராய்டே காரணமன்று. இரத்தசோகை, நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவையும் உண்டு. அபூர்வமாக, அட்ரினல் சுரப்பியின் குறைபாடும் காரணமாகும். ஆகவே பரிசோதிக்காமல் பிறருடைய மாத்திரையை வாங்கி விழுங்கலாகாது. தேவையின்றி உண்டால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். வாரக்கணக்கில் நீங்காத அசதியுடன் உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், குறை கூறுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ரமளானில் மாத்திரையை எப்போது உண்பது என்று அவள் கேட்டாள். இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்தோ, ஸஹர் உணவுக்கு அரைமணிக்கு முன்போ உண்ணலாம் என்றார் மருத்துவர். அவள் இரண்டாவதைத் தேர்ந்தாள். மாத்திரையும் நீரும் எடுத்துக்கொண்டு அவளை எழுப்புவது இப்போது என் பொறுப்பு. அந்த நேரத்தில் அவளுக்காக துஆச் செய்கிறேன். என் நாவுக்காகவும் செய்கிறேன்.