கரட்டும் பனம்பழமும்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படித்த எவரையாவது கேட்டுப் பாருங்கள். பௌதிகம் விளங்கினால் சரி என்பார்கள், சேதன இரசாயனம் பாடமாக்கினால் சரி என்பார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு பொய். அந்தப் பொய்யை நம்பி இந்தப் பாடத்தை வெறுத்துக்கொண்டே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் எங்கள் சனத்துக்குள் நிறையப் பேர்.

என் மகள் நாங்கள் இருக்கும் சுவிஸின் ஆராவிலிருந்து ரெயினில் சூரிச்சுக்குப் போய்வந்து, ஈ.டி.எச். என்கிற கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் முதலாண்டு படித்தாள். பயணம் அரை மணித்தியாலம்கூட இல்லை, பயம்தான் பெரிது. முதலாண்டுப் பரீட்சையில் தவறினால் இன்னும் ஒரேயொரு தடவைதான் எழுதலாம். அதிலும் தவறினால் அந்தப் படிப்பு அதோடு முடிந்தது. ரியூசன் கொட்டிலில் 'போன முறை வந்த கேள்வி' பார்த்துத் தப்புகிற வழியெல்லாம் இங்கே அவ்வளவாகச் செல்லாது. விரிவுரைக் குறிப்பை இங்கே ஸ்கிரிப்ட் என்பார்கள். அவள் நித்திரைக்குப் போனபிறகு குசினி மேசையில் கிடக்கும் ஸ்கிரிப்டை எடுத்து, ஜேர்மன் சொற்களுக்குள் என் பழைய தமிழ்ச் சொற்களைத் தேடி வாசிப்பது எனக்குப் பழக்கமாயிற்று. அற்ககோல், அல்டிகைட், கீற்றோன், கிறினாட் சோதனைப்பொருள் எல்லாம் பழைய கூட்டாளிகள் மாதிரி வந்து நின்றன.

எதனோலிலிருந்து புரொப்பனோயிக் அமிலம் எப்படிச் செய்வது என்று அவள் ஒருநாள் கேட்டாள். எனக்கு அந்தப் படிமுறை இன்னும் நினைவில் இருந்தது. எதனோலை புரோமோஎதேன் ஆக்கி, சயனைட் ஏற்றி, நீர்ப்பகுப்புச் செய்தால் வேலை முடிந்தது. நான் சொல்லிமுடிக்க அவள் சிரித்தாள்.

"அப்பா, ஏன் எல்லாத்தையும் பாடமாக்கி வச்சிருக்கிறீங்கள்? அம்பு போட்டுப் பாருங்கோவன்."

அம்பு என்று அவள் சொன்னது, இலத்திரன் சோடி எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் அந்த வளைந்த கோட்டை. 1922இல் பிரித்தானியாவில் கேமக், ரொபின்சன் என்ற இருவர் எழுதத் தொடங்கிய குறியீடு அது. ரொபின்சனுக்குப் பின்னாளில், 1947இல், நோபல் பரிசும் கிடைத்தது. காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்கும். காபன் சற்று நேரேற்றம் கொண்டு வெறுமையாய் நிற்கும். இலத்திரன் மிகுந்த எதுவும் அந்தக் காபனைத்தான் தேடி வரும். அல்டிகைட், கீற்றோன் அத்தியாயத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஐதரசன் சயனைட் சேர்வது, கிறினாட் சேர்வது, பிறேடியின் சோதனைப்பொருளில் செம்மஞ்சள் வீழ்படிவு வருவது என்று நாங்கள் தனித்தனிச் சமன்பாடுகளாக எழுதிப் பாடமாக்கியவை எல்லாம் ஒரே சம்பவத்தின் வெவ்வேறு நாட்கள். ஊரின் வரைபடத்தைக் காட்டாமல் பஸ் நேரசூசியைப் பாடமாக்கச் சொன்னது போலத்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அம்பு காட்டும் பொறிமுறை 'புள்ளிக்கு வராது' என்று தாண்டிப் போனார்கள்.

முழுப் பழியையும் ரியூசன் வாத்திமார் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பழைய பெரிய பாடநூல்கள் சேர்வைகளைக் குடும்பம் குடும்பமாக அடுக்கித்தான் சொல்லிக்கொண்டு போயின. அமெரிக்காவின் மொரிசன், பொய்ட் இருவரும் 1959இல் வெளியிட்ட பாடநூல் பொறிமுறையை மாணவரின் கையில் கொடுத்தது. அதன் பிறகும் எங்கள் பக்கத்துக்கு அந்தக் காற்று வந்துசேர நாட்கள் எடுத்தன.

அந்தப் பழைய பாடநூல்களில் மிகப் பெயர்பெற்ற ஒன்றை எழுதியவர் எங்கள் ஆராவில் படித்தவர். போல் கறர் 1889இல் மொஸ்கோவில் சுவிஸ் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதிலேயே ஆர்காவ் மாநிலத்துக்கு வந்து, 1908இல் ஆராவின் கன்டோன் பாடசாலையில் உயர்தரம் முடித்தார். 1802இல் தொடங்கிய பாடசாலை அது. கறருக்கு முன்னே அதே பாடசாலையில் 1896இல் சான்றிதழ் பெற்றவர் ஐன்ஸ்டீன். ஆறுதான் அதியுயர் புள்ளி என்ற கணக்கில் அவருக்கு இரசாயனத்தில் 5. சேதனம் கஷ்டம் என்று கண்கலங்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது: ஐன்ஸ்டீனுக்கும் இரசாயனத்தில் முழுப்புள்ளி இல்லை.

கறர் சூரிச் பல்கலைக்கழகத்தில் அல்பிரட் வேர்னரிடம் படித்து, பிராங்பேர்ட்டில் போல் ஏர்லிக்கிடம் வேலை செய்து, பிறகு சூரிச்சிலேயே பேராசிரியரானார். அவர் கையில் எடுத்த பொருள் கரட்டின் நிறம். ஆர்காவ் மாநிலத்தைச் சுவிஸ் சனம் கரட் நாடு என்று பகிடியாகச் சொல்லும். கரட்டும் வாதுமையும் போட்ட கேக் இந்த மாநிலத்தின் பெயரில்தான் விலைப்படுகிறது. கறர் இதனால்தான் கரட்டைத் தொட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. பொருத்தம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கரட்டின் நிறப்பொருளான பீற்றா கரற்றீனில் 40 காபன், 56 ஐதரசன் என்ற கணக்கை இரசாயனவியலாளர் வில்ஸ்டேற்றர் 1907இலேயே சொல்லிவிட்டார். அந்த 40 காபனும் எப்படிக் கோத்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. இன்றைக்கு இயந்திரத்துக்குள் மாதிரியை வைத்தால் வரைகோடு வரும், பிள்ளைகள் அதை வாசித்துச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வசதி ஒன்றும் இல்லை. ஐதரசன் ஏற்றி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து இரட்டைப் பிணைப்புகளை எண்ணினார்கள். ஓசோனால் உடைத்து, வந்த துண்டுகள் எவை என்று பார்த்து, முழு மூலக்கூறு எப்படி இருந்திருக்கும் என்று பின்னோக்கி யோசித்தார்கள். 1930இல் கறர் விடையைச் சொன்னார்: இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம், நடுவில் ஒரு நீண்ட சங்கிலி, மொத்தம் 11 இரட்டைப் பிணைப்புகள், ஒன்றுவிட்டு ஒன்றாக. அந்த ஒழுங்கினால் இலத்திரன்கள் ஓரிடத்தில் நில்லாமல் சங்கிலி நெடுகப் பரவுகின்றன. அப்படிப் பரவியதால் அவை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்ச ஒளிதான் எங்கள் கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரிகிறது.

இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டினால் 20 காபன் கொண்ட இரண்டு பாதி. விற்றமின் ஏ என்பது அந்தப் பாதியின் உருவம்தான். எங்கள் உடலில் ஒரு நொதியம் அந்த வெட்டைச் செய்கிறது. கறர் 1931இல் விற்றமின் ஏயின் அமைப்பையும் சொன்னார், 1937இல் நோபல் பரிசைப் பிரித்தானியாவின் ஹேவோர்த்துடன் பகிர்ந்துகொண்டார். 1933இல் ஜோர்ஜ் வால்ட் என்ற இளைஞர் விழித்திரைக்குள் விற்றமின் ஏ இருப்பதைக் கண்டு, அதை உறுதிப்படுத்த வந்த இடமும் சூரிச்சில் கறரின் ஆய்வுகூடம். வால்ட் பின்னாளில், 1967இல், நோபல் பெற்றார். கண்ணுக்குள் அந்த 20 காபன் சங்கிலி ஓரிடத்தில் மடிந்தபடி காத்திருக்கிறது. ஒளி பட்டதும் ஒரேயொரு இரட்டைப் பிணைப்பு திரும்பிச் சங்கிலி நிமிர்கிறது. பார்வை தொடங்குவது அந்த அசைவில்தான். சிஸ், டிரான்ஸ் என்று இரண்டு படம் கீறி ஐந்து புள்ளி வாங்கிய எங்களுக்கு, அந்தப் படத்தைப் பார்ப்பதற்கே அந்த மாற்றம் வேண்டியிருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சேதன இரசாயனத்தை வாழ்க்கையில் காண்பதற்குச் சூரிச்சுக்கோ ஆராவுக்கோ வரவேண்டும் என்றும் இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். எஞ்சின் சூடேறினால் மண்ணெண்ணெய் தானாக எரியும். பெற்றோலின் காபன் சங்கிலிகள் கட்டை, மண்ணெண்ணெயின் சங்கிலிகள் நீளம். நீண்டவை ஒன்றையொன்று கூடுதலாகப் பற்றிக்கொள்வதால் ஆவியாகப் பஞ்சிப்படும். சேதன இரசாயனத்தின் முதல் அத்தியாயமே இதுதான். கராஜில் நின்ற பெடியனுக்கு அது கையில் தெரிந்திருந்தது. வகுப்பில் இருந்த எங்களுக்குக் கொதிநிலை அட்டவணை தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்ட ஒரு வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

சவர்க்காரமும் தட்டுப்பாடான அந்த நாட்களில் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். அந்தக் களியில் இருக்கும் கசப்பு பிளாபெலிபெரின் என்ற சப்போனின் குடும்பம். இதை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மூலக்கூறின் ஒரு பக்கம் கொழுப்போடு ஒட்டும் ஸ்ரெரோயிட்டு, மறுபக்கம் நீரோடு ஒட்டும் வெல்லங்கள். சவர்க்காரம் செய்கிற வேலையும் அதேதான், அழுக்கை ஒரு கையாலும் தண்ணீரை மறுகையாலும் பிடிப்பது. அதே களியின் செம்மஞ்சளும் கரற்றீன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கறர் கரட்டில் கண்ட பொருளின் உறவினர்கள் பனாட்டுப் பாயில் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்திருக்கிறார்கள்.

கரற்றீன் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே பச்சைக் கரட்டைக் கடிப்பதைவிட, அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய கரட் கறியிலிருந்து அது உடலுக்குக் கூடுதலாகச் சேரும். மகளின் ஸ்கிரிப்டில் கரைதிறன் பற்றிய பக்கத்தைப் படித்த பிறகு அவளிடம் இதைச் சொன்னேன். பரீட்சைக்கு வராது என்றாள். வராதுதான்.

அவள் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள், முதல் தடவையிலேயே. அதை நான் அவளுடைய கெட்டித்தனம் என்றுதான் சொல்லுவேன். குசினி மேசைக்கு அதில் பங்கு கேட்க மாட்டேன்.

சுவிஸில் எங்கள் பிள்ளைகள் இப்போது ஜிம்னாசியத்திலும் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாடத்தை ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ படிக்கிறார்கள். பெற்றோரில் பலர் உயர்தரத்தில் இதைத் தமிழில் படித்துவிட்டு, இங்கே உணவகத்திலோ வைத்தியசாலையிலோ வேலை செய்கிறவர்கள். தங்களுக்கு மறந்துபோய்விட்டது என்று அவர்கள் பிள்ளையைத் தனியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். கொப்பியைத் திறக்கச் சொல்லுங்கள், ஒரு அம்பு கீறிக் காட்டச் சொல்லுங்கள், இலத்திரன் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டாலே போதும். நவம்பர் முதல் புதன்கிழமை ஆராவில் ரூயெப்லிமேர்ட் என்று கரட் சந்தை கூடும்; பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.