வெட்கமும் ஆறு மணி நேரமும்



இதை எழுதத் தயங்கியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. சம்பந்தப்பட்ட மாணவனும் அவனுடைய வாப்பாவும், பெயரைக் குறிப்பிடாமல் எழுதுமாறு இசைவு தந்த பின்னரே எழுதுகிறேன்.

அன்று மதரஸா மாணவர்களைக் காயல்பட்டினத்திலிருந்து புன்னக்காயலுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு, அஸர் தொழுத பின் பிள்ளைகள் மணலில் ஓடி விளையாடினார்கள். 13 வயது மாணவன் ஒருவன் மட்டும் ஒதுங்கிச் சென்று, குனிந்தபடி அமர்ந்துவிட்டான்.

"என்ன வாப்பா?" என்றேன்.

"வயிறு வலிக்குது உஸ்தாத்."

அருகில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர், "பையன் காலை அகட்டி நடக்கான் பாய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். மதிய உணவு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று எண்ணி, அவர் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் ஓம நீர் கொடுத்தேன், ஓதி ஊதினேன். இரவில் இருமுறை வாந்தி எடுத்தான். ஃபஜ்ருக்கு அவனால் எழ முடியவில்லை. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது காலை 8 மணி. வலி தொடங்கி 15 மணி நேரம் ஆகியிருந்தது.

மருத்துவர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். வலி வயிற்றில் தொடங்கவில்லை. விதைக்கு இரத்தம் கொண்டு செல்லும் வடம் முறுக்கிக்கொண்டிருந்தது. இரத்த ஓட்டம் நின்று அந்த விதை கறுத்துப்போயிருந்ததால் அதை அகற்றினார்கள். மற்றொன்று பின்னாளில் முறுக்கிக்கொள்ளாதபடி தையலிட்டு நிறுத்தினார்கள். "6 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார் மருத்துவர்.

ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் பின்னர் கேட்டேன். "அதை உஸ்தாத்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றான். பருவமடைதலின் அடையாளங்களையும் குளிப்பின் சட்டங்களையும் ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். அந்த இடத்தில் வலித்தால் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் கற்பித்ததில்லை. வெட்கத்தைக் கற்பித்தேன், அதன் எல்லையைக் கற்பிக்கவில்லை.

அலீ (ரலி) அவர்களுக்கு இத்தகைய உடல் சார்ந்த ஓர் ஐயம் இருந்தது. நபி (ஸல்) அவர்களின் மருமகன் என்பதால் நேரில் கேட்க நாணினார்கள். ஆனால் கேட்காமல் விட்டுவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் செய்து விடை பெற்றார்கள். வெட்கமும் இருக்கலாம், கேள்வியும் போய்ச் சேரலாம். சிகிச்சைக்குத் தேவையான அளவு மறைவிடத்தை மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

விதையில் திடீரெனக் கடும் வலியோ வீக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 12 முதல் 18 வயது வரை இம்முறுக்கம் மிகுதி, உறக்கத்திலும் வரலாம். அடிவயிற்று வலி, வாந்தி என்று மட்டும் வெளிப்படக்கூடும். ஆகவே வயிறு வலிக்கிறது என்னும் மகனிடம் "கீழேயும் வலிக்கிறதா?" என்று கேளுங்கள். வலி தானாகத் தணிந்தாலும் காட்டிவிடுங்கள். 6 மணி நேரம் கடந்திருந்தாலும் செல்லுங்கள்.

வலியில்லாத கட்டி, கனம், பருமன் மாற்றம் ஆகியவற்றையும் சில நாள்களுக்குள் காட்டுங்கள். விதைப் புற்றுநோய் அரிது. ஆனால் 15 முதல் 40 வயதுக்குள்தான் பெரும்பாலும் வருகிறது. தொடக்கத்தில் கண்டால் ஏறத்தாழ எல்லோரும் குணமடைகிறார்கள். ஒன்று சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பது இயல்பே. விதைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும் ஓதத்தை ஊரார் கண்ணுக்கு மறைத்து ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை. அதற்கு எளிய அறுவை சிகிச்சை உண்டு. பொன்னுக்கு வீங்கி வந்த பருவப் பையனுக்கு விதை வீங்கினாலும் காட்ட வேண்டும்.

ஆண் குழந்தைக்கு ஒரு விதை இறங்காமல் இருப்பதைச் சுன்னத் செய்யும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். 6 மாதத்துக்குள் இறங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்வது நல்லது.

அந்த மாணவன் இன்று நலமாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். எஞ்சிய ஒன்றே திருமண வாழ்வுக்கும் தந்தையாவதற்கும் பெரும்பாலும் போதும் என்றார் மருத்துவர்.

இப்போது குளிப்பின் பாடத்தோடு இதையும் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் சொல்ல நாணினால் ஒரு மிக்தாதை அனுப்புங்கள் என்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் ஒரு மாணவன் கதவைத் தட்டி, தரையைப் பார்த்தபடி, "அவனுக்கு அங்கே வலிக்குதாம் உஸ்தாத்" என்றான். உடனே வண்டி பிடித்தோம். முறுக்கம் இல்லை, சிறு தொற்றுதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அது வீண் அலைச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் பிள்ளைகளின் உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் அறிவை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.