பெயர் போனாலும் ஃபைல் இருக்கும்
"அண்ணே, திறந்து வச்ச ஃபைலோட பேரை எப்படி எடுக்கிறது?" ராயபுரத்துத் தம்பி ஒருவன் கேட்டான்.

பைத்தானில் ஃபைலிடம் 'நேம்' கேட்டால், திறக்கும்போது நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். நடுவில் பெயரை மாற்றியிருந்தால் அதற்குத் தெரியாது. லினக்ஸில் 'ப்ராக்' டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸின் 'எஃப்டி' பகுதியைப் பாருங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் எண், அதற்கொரு லிங்க். 'ரீட்லிங்க்' போட்டால் இப்போதைய பாதை வந்துவிடும். ஃபைலை அழித்திருந்தால் பாதையின் வாலில் 'டெலீட்டட்' என்று ஒட்டியிருக்கும். ஆனாலும் மூடும்வரை தாராளமாகப் படிக்கலாம், எழுதலாம்!

யூனிக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பெயர் டைரக்டரியின் சொத்து. ஃபைலின் அடையாளம் ஐநோட் எண். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும் அப்படித்தான்: கைமாறினால் பெயர் மாறலாம், 7 இலக்க ஐஎம்ஓ எண் மாறாது. லாக் ஃபைலைப் பின்தொடரும் புரோகிராம் எழுதுகிறவர்கள் பாதையை மட்டும் நம்ப வேண்டாம். 'எஃப்ஸ்டேட்' தரும் டிவைஸ் எண்ணையும் ஐநோட் எண்ணையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.