வெயில் படாத நிறம்

புதுப்பேட்டைக்குள் போகிற பழைய கார் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வெளியே வரும். கதவுக்கு ஒரு கடை, ஹெட்லைட்டுக்கு ஒரு கடை, சைலன்சருக்கு ஒரு கடை. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் ஒன்றில் நண்பரின் 1978ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி மெல்ல நுழைந்தபோது, ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "உடைக்கவா சார்?"

"இல்லண்ணே, டாஷ்போர்டு சரி பண்ணணும்."

அவர் டீயைப் பார்க்கப் போய்விட்டார்.

இத்தாலிய ஃபியட் 1100இன் வழியில் மும்பை குர்லாவில் தயாரான வண்டி இது. 1974இல்தான் 'பத்மினி' ஆனது. நம் ஊரில் பலருக்கு அது இன்றும் 'ஃபியட்'தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் டாஷ்போர்டு தேய்ந்தால் புதிதாக வாங்கி மாட்ட வழியில்லை. இருப்பதைத்தான் பிழைக்க வைக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் போதாது. மேலே உள்ள மெத்தைத் திண்டுக்குக் குஷன் வேலைக்காரர், கீழே உள்ள தகரத்துக்கு டிங்கர், அதற்கு மேல் பெயிண்டர். மூன்று பேரும் ஒரே சந்தில் இருந்தார்கள். 'பழங்கார்களை மீட்டெடுப்பவர்' என்று யாருடைய பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

முதல் சனிக்கிழமை குஷன் கடை பாய் திண்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். 'டப்' என்று ஒரு துண்டு உள்ளே போனது.

"அப்பளமா ஆயிடுச்சு தம்பி."

திண்டைப் போர்த்தியிருந்தது ரெக்சின். அது ஒரு காலத்தில் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். நமக்கு எல்லாச் செயற்கைத் தோலும் ரெக்சின். பின்னாளில் வந்த வினைல் ரெக்சினில், அதை வளைய வைப்பதற்கென்றே எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். புதுக் காரின் கண்ணாடியில் உட்புறமாக ஒரு மங்கல் படியுமே, அதில் இதற்கும் பங்கு உண்டு. எண்ணெய் போனதும் ரெக்சின் சுருங்கும். சுருங்க இடமில்லாதபோது வெடிக்கும்.

நண்பர் இத்தனை வருடமும் வாராவாரம் பளபளப்பு ஸ்ப்ரே அடித்துத் துடைத்து வந்திருக்கிறார். பாய் தலையில் கைவைக்காத குறை. அந்தச் சிலிக்கான் படலம் ஒட்டியிருக்கும் வரை பசை பிடிக்காது. அருகில் தகரத்தில் தெறித்திருந்தால் பெயிண்டும் சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும். முதல் அரை நாள், அந்தப் பராமரிப்பைத் துடைத்தெடுப்பதிலேயே போனது.

பிறகு திண்டைப் பிரித்தார். உள்ளே இருந்த நுரை ரவையாகக் கொட்டியது. அதைச் சுரண்டி, புதிய ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பழைய வளைவைக் கொண்டுவந்தார். அட்டை வார்ப்புரு எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது." எஸ்.ஆர். பசையை ஃபோமிலும் ரெக்சினிலும் தடவிவிட்டு ஒரு பீடி நேரம் காத்திருந்தார். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து அழுத்தினார். அந்தப் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும். தவறினால் பிய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இரண்டாம் சனிக்கிழமை டிங்கரிடம். டாஷ்போர்டுத் தகரத்தில் ஏழு ஓட்டைகள். அவர் ஜாதகம் வாசிப்பதுபோல் வாசித்தார்: "இது ரெண்டும் குட்டி ஃபேன். இது கேசட் பிளேயர் பிராக்கெட். இது ஏதோ சுவிட்ச். இங்க ஓட்டை இல்ல, பசைத் தடம் மட்டும், அது பிள்ளையார்." ஃபேன் தன் அம்மாவுக்காக அப்பா மாட்டியது என்றார் நண்பர். டிங்கர் தலையாட்டிக்கொண்டே அந்த இரண்டையும்தான் முதலில் அடைத்தார். அதே கனத்தில் வில்லை வெட்டி வைத்து, சூடு பரவித் தகரம் நெளியாமலிருக்கச் சுற்றிலும் ஈரத்துணி சுற்றி, ஒரு பொட்டு வெல்டிங், ஓர் இடைவெளி, மறுபடி ஒரு பொட்டு.

கடைசி வாரம் பெயிண்டர். பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தார். பச்சை கரைந்து வந்தது. "என்.சி. பெயிண்ட், பழசு." இப்போதைய பி.யூ. பெயிண்டாக இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு இப்படிக் கரையாது.

ஆனால் எந்தப் பச்சை? கண்ணாடிப் பக்கம் வெளிறிய பச்சை, ஸ்டியரிங் நிழலில் இன்னொன்று, ரேடியோ இருந்த இடத்தில் வேறொன்று. நண்பர் ஒரு பழைய புகைப்படத்தை நீட்டினார். அதை வாங்கக்கூட இல்லை பெயிண்டர். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உள்ளே கைவிட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளைத் திருகி எடுத்து, மீட்டரை வெளியே இழுத்தார். அது உட்கார்ந்திருந்த குழியின் விளிம்பில், விரல் அகலத்துக்கு, பிஞ்சு மாங்காய்ப் பச்சை. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வெயிலே பார்க்காத நிறம். ஒரு தகரத் துண்டில் கலந்து கலந்து பூசி, காய வைத்து, அந்த விளிம்போடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். நான்காவது தடவை இரண்டுக்கும் நடுவே கோடு தெரியவில்லை.

பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் தேய்த்து, பிரைமர் அடித்து முடித்தபின், ஸ்ப்ரே கன்னை எடுக்குமுன் அந்தக் குழியின் விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினார். மறந்து ஒட்டியதோ என்று நினைத்து, "அங்க பெயிண்ட் படாதே மாஸ்டர்?" என்றேன்.

"படக்கூடாது சார். இருபது, முப்பது வருஷம் கழிச்சு எவனாவது இதைப் பிரிப்பான். அவன் கலருக்கு எங்க போவான்?"

மாலையில் டேப்பை உரித்துவிட்டு, மீட்டரை அதன் மேல் பொருத்தித் திருகினார்.