செம்பனையின் தாய்வீடு

பெக்கோக் என்று சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்களே பல்கலைக்கழகத்தில் அதிகம். லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையில் ஓர் இரயில் நிலையம், சில கடைவரிசைகள், சற்றுத் தள்ளி சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சி. மற்றபடி திரும்பிய பக்கமெல்லாம் செம்பனைதான். அம்மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா என்பது பள்ளிப் பாடத்தில் ஒரு வரி. அந்த வரியை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு 2019-இல் கிடைத்தது.

பட்டப்படிப்பு முடிந்ததும் கானா நாட்டின் வடக்கே, தமாலே நகருக்கு அருகில் ஒரு பள்ளியில் ஓராண்டு கணிதம் கற்பிக்கும் தொண்டூழியப் பணி. அது வறண்ட பூமி. அங்கே ஷியா கொட்டைதான் எண்ணெய்க்கு. பணி முடிந்தபின் மூன்று வாரம் கையில் இருந்தது. பேருந்திலேயே தெற்கே கடற்கரை வரை போவதென்று கிளம்பினேன்.

குமாசியைத் தாண்டியதும் செம்பனைகள் வந்துவிட்டன. ஆனால் நம் தோட்டத்து வரிசை இல்லை, எண்ணும் இல்லை. கோகோவுக்கும் வாழைக்கும் மரவள்ளிக்கும் நடுவே தம் விருப்பத்துக்கு நின்றன. காடே நகருக்குப் பக்கத்தில், உடன் வேலை செய்த ஆசிரியையின் கிராமத்தில் ஐந்து நாள் தங்கினேன். பெண்கள் பழத்தை வேகவைத்து, உரலில் இடித்து, பிழிந்து, சிவந்த எண்ணெயைக் காய்ச்சி எடுக்கிறார்கள். சந்தையில் விற்ற காசு அவர்கள் மடியிலேயே இருக்கிறது. நம்மவர்கள் தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்கினார்கள் அல்லவா? அங்கே செம்பனையையே வெட்டிச் சாய்த்து, படுத்த மரத்தில் துளையிட்டுக் கள் எடுக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் சோம்பு வாசம் வந்தது. ஆண் பூ விரிந்திருந்தது. அதில் அரிசியைவிடச் சிறிய வண்டுகள் மொய்த்துக் கிடந்தன. எனக்குப் பாட்டியின் நினைவு வந்துவிட்டது.

1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தன. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக நடவு தொடங்கியது. மரம் வந்தது, இந்த வண்டு வரவில்லை. அதனால் பல இடங்களில் போதிய அளவு காய் பிடிக்கவில்லை. வண்டின் வேலையை மனிதர்கள் செய்தார்கள். எழுபதுகளில் பாட்டி செய்த வேலை அதுதான். மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, முள்ளுக்குள் கைவிட்டு, பெண் பூ ஒவ்வொன்றாகத் தேடி ஊத வேண்டும். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த வண்டுகளைக் குளுவாங் வட்டாரத்தில் விட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து இரயில் பாதையில் தெற்கே அடுத்த பெரிய ஊர் அது. பிறகு ஊதுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. மலேசியாவின் செம்பனை வரலாற்றில் வண்டுக்கு நல்ல இடம் உண்டு. அதற்கு முன் ஊதியவர்களைப் பற்றி நான் படித்த நூல்களில் ஒரு வரிக்கு மேல் கிடையாது.

கடைசியில் எல்மினா கோட்டையையும் பார்த்தேன். 1482-இல் போர்த்துகீசியர் கட்டியது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தபின், மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சவர்க்காரத்துக்கும் மெழுகுவத்திக்கும் கப்பலேறிய முக்கியச் சரக்கு செம்பனை எண்ணெய் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஊர் திரும்பியதும் ஒரு புட்டி சிவப்பு எண்ணெயைப் பாட்டியிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை ஆயிரம் பூவுக்கு ஊதியிருப்பேன்! எண்ணெய் இந்த நிறத்துல இருக்கும்னு இப்பதான்யா பார்க்கிறேன்" என்றார். பிறகு, "அந்தப் பொம்பளைங்களுக்குச் சொந்தக் காடா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கத்து அகான் மக்களிடம் குடும்ப நிலம் தாய்வழியில் இறங்கும் என்றேன்.

"அப்படியா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மாலையில் அந்த எண்ணெயில் கருவாட்டுக் குழம்பு வைத்தார். நிறம் அவருக்குப் பிடித்தது, வாசம் பிடிக்கவில்லை. மீதியைச் சாமி விளக்குக்கு ஊற்றினார்.