காகிதம் காத்த சித்திரம்

பிளாரன்ஸ் நகருக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் மைக்கலாஞ்சலோவின் தாவீதையும் உஃபீசி சித்திரசாலையையும் பார்த்துவிட்டால் ஜன்மம் சாபல்யமடைந்ததாகக் கருதித் திரும்பிவிடுவது வழக்கம். எனக்கோ, சாந்தா குரோச்சே ஆலயத்தை ஒட்டிய துறவிகளின் பழைய போஜனசாலையில், வாசாரி 1546-இல் தீட்டிய ‘கடைசி இராவுணவு’ என்னும் சித்திரத்தின் எதிரே சற்று நேரம் நிற்க வேண்டுமென்பதே நெடுநாளைய ஆசையாக இருந்தது. சித்திரக்காரர்களின் சரித்திரத்தை எழுதிப் புகழ்பெற்ற வாசாரியை, அவருடைய தூரிகையை மட்டும் கருதி முதல் வரிசையில் வைக்க என் மனம் இசையாது. நான் பார்க்கச் சென்றது, உண்மையில், அந்தப் படத்தைக் காப்பாற்றிய காகிதத்தின் கைங்கரியத்தையே.

1966-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ நதி கரைபுரண்டு நகருக்குள் புகுந்தபோது, ஐந்து பெரும் மரப்பலகைகளாலான இப்படம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சேற்றுநீரில் அமிழ்ந்து கிடந்தது. பலகை ஊறி உப்பியது. வர்ணத்துக்கு அடியில் பூசியிருந்த சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு இளகியது. இனி மரம் உலர்ந்து சுருங்கும்போது, சுருங்கும் இயல்பில்லாத வர்ணம் சருகாக உதிர்வதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில், நிபுணர்கள் மெல்லிய காகிதத் துண்டுகளைப் படத்தின் முகத்தின்மேல் ஒட்டி, வர்ணம் கீழே விழாதபடி பிடித்து வைத்தார்கள். அந்தக் காகித முகமூடியோடு, பழுது பார்க்கும் உபாயம் எவருக்கும் புலப்படாமல், அது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காத்துக்கிடந்தது.

இவ்வகைப் பணிக்கு உலகெங்கும் பெயர்பெற்றது ஜப்பானியக் காகிதம். கோசோ என்னும் முசுக்கட்டை இனத்துச் செடியின் உட்பட்டையில் நார் மிக நீளமானது. ஆதலால் வெங்காயச் சருகிலும் மெலிதாக, சதுர மீட்டருக்கு 2 கிராம்கூட எடையில்லாமல் செய்த தாளும் நனைந்தவுடன் கிழிந்துவிடுவதில்லை. படத்தின் வளைவு நெளிவுகளுக்கெல்லாம் இணங்கிப் படிந்து, வேண்டாதபோது வர்ணத்துக்கு ஊறின்றி விலகிவிடும் இந்தக் குணத்தைத் தடித்த துணியிலோ பலகையிலோ எதிர்பார்க்க முடியுமா?

பின்னர் அந்நகரத்து ஓபிஃபீச்சோ தெல்லே பியெத்ரே தூரே என்னும் புனருத்தாரண நிலையத்தார், வர்ணத்தை மரத்தோடு மீண்டும் பொருத்திக் காகிதத்தைச் சிறிது சிறிதாக நீக்கி, வெள்ளத்தின் ஐம்பதாவது நினைவாண்டான 2016-இல் படத்தைப் பொதுஜனங்கள் காணத் திறந்து வைத்தார்கள். மறுபடி ஆர்னோ பொங்கினால் அதை உயரத் தூக்கிவிட இப்போது ஒரு பொறியும் அமைந்திருக்கிறது. ஒளி சாய்வாக விழும் கோணத்தில் நின்று உற்று நோக்கினேன். காகிதம் இருந்த சுவடு என் கண்ணுக்குத் தென்படவில்லை. இதனினும் சிறந்த வேலை வேறில்லை என்பது என் துணிபு.

சாந்தா குரோச்சேக்குச் செல்லும் வாசகர்கள், அவ்வாலயத்திலேயே உள்ள சிமாபுவேயின் சிலுவைச் சித்திரத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். காகிதத்தோடு ஆட்கள் வந்து சேருமுன்பே அதன் வர்ணத்தில் நூற்றுக்கு 60 பங்கு வெள்ளத்தோடு போய்விட்டது.