இன்னொருவர் கைப்பட்ட சக்கரம்

மரினெட்டியின் எதிர்காலவாத அறிக்கை பாரிஸின் 'லெ ஃபிகாரோ' பத்திரிகையில் வந்தது 1909 பிப்ரவரி 20 அன்று. அதற்கு முந்தின வருஷம்தான் மிலானில் அவர் தன் காரைப் பள்ளத்தில் கவிழ்த்திருந்தார். பந்தயக் கார் கிரேக்கச் சிலையைவிட அழகானது என்ற அவருடைய பிரகடனம் நம் வட்டத்தில் எல்லோருக்கும் பரிச்சயம். சக்கரம் பிடித்தவனைப் பாடவேண்டும் என்றும் அதில் ஓர் அம்சம் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தச் சக்கரம் பிடித்தவனுக்குக் கை இருப்பதாக, கையின் மேல் தோல் இருப்பதாக, தோலுக்குக் குளிரும் என்பதாக மரினெட்டி நினைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. வேகத்தைக் கண்ணால் மட்டுமே அனுபவித்த மனிதர் என்றுதான் எனக்குப் படுகிறது.

காரில் மனிதன் பயண நேரம் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும் வஸ்து ஸ்டியரிங் ஒன்றுதான். ஆரம்பகாலக் கார்களில் அதுவும் கிடையாது. படகின் சுக்கான் மாதிரி ஒரு தண்டைத் தள்ளித் திருப்பினார்கள். 1894இல் பாரிஸிலிருந்து ருவானுக்கு நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வஷரோன் தன் பனார் வண்டியில் சக்கரம் பொருத்திக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வந்தவை மரம், இரும்பு, பேக்லைட், தோல். தோலுக்கு அடியில் மின்கம்பி ஓட்டி உஷ்ணமேற்றுவது குளிர்நாட்டு ஏற்பாடு. நம் ஊரில் சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் ஸ்டியரிங்கைத் துண்டு போட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இது ஹாஸ்யமாகத்தான் இருக்கும்.

எனக்கும் இருந்தது, டொரான்டோவின் கீழ்ப்பகுதியான ஸ்கார்பரோவில் அக்கா வீட்டுக்கு ஒரு மாத லீவில் போகிற வரை. அத்தான் ஒரு பழைய போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருக்கிறார். இரண்டே இருக்கை, மடக்கிவிடுகிற துணிக்கூரை, இருக்கைக்குப் பின்னால் எஞ்சின். பையன் கல்லூரிக்குப் போன வருஷம், மூன்றாவது கையாக வாங்கியது. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டத் தொடங்கிவிட்டால் அதை மூடிப் போட்டுவிடுவார். அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர்தான் அவருக்குப் பிரியமான மாதங்கள். மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும். கூரையை மடக்கிவிட்டு ஓட்டலாம். வெளியே 4 அல்லது 5 டிகிரி. அந்தக் குளிரில் அத்தானின் விரல் நுனிகள் மெழுகுமாதிரி வெளுத்துவிடுகின்றன. முதலில் நிறம் போகிறது, அப்புறம் உணர்வு. அரைமணி கழித்து ரத்தம் திரும்பும்போது ஒரு வலி. அதை அவர் யாருக்கும் சொல்வதில்லை. உதட்டைக் கடித்துக்கொள்வதிலிருந்து தெரியும்.

இந்த வெளுப்புக்கு ரெய்னோ என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1862இல் அவர் அதைத் தன் ஆய்வேட்டில் விவரித்தார். அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு இது தொழில் நோயாக வருவதைக் காட்டியவர் ஆலிஸ் ஹாமில்டன். 1918இல் அமெரிக்காவின் இண்டியானாவில், பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல் தொழிலாளிகளிடம் போய், காற்றுச் சம்மட்டி பிடித்த கைகளைப் பார்த்து எழுதினார். அத்தான் பிடித்தது சம்மட்டி அல்ல, கிரைண்டர். திருநெல்வேலியிலிருந்து 21 வயதில் கோயம்புத்தூருக்குப் போய், ஒரு ஃபவுண்டரியில் வார்ப்புகளின் பிசிறை நீக்கும் வேலையில் 13 வருஷம் இருந்தார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு என் பி.ஏ. ஃபீஸ் மூன்று வருஷமும் அந்தக் கிரைண்டரிலிருந்துதான் வந்தது. ஜான் குரோ ரான்சம் கவிதையை ஸ்ட்ரக்சர், டெக்ஸ்ச்சர் என்று பிரித்ததைப் பற்றி நான் பரீட்சைத்தாளில் நாலு பக்கம் எழுதிய அதே நாட்களில், அவருடைய விரல்கள் டெக்ஸ்ச்சர் என்பதையே கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தன. அந்த வார்த்தையை நான் இப்போதும் மதிப்புரைகளில் தாராளமாகப் போடுகிறேன்.

கையுறை போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"கையுறை சூடு தராது மாப்ள, இருக்கிற சூட்டைக் காவல் காக்கும். இல்லாததை எங்க காக்க?"

அக்காவுக்கு இந்தச் செலவில் சம்மதமில்லை. "கை வெளுக்குன்னா காரை வித்துட்டு பஸ்ல போகச் சொல்லு. குளிர்ல கூரையத் தொறந்து போட்டுட்டு, அப்புறம் சக்கரத்துக்குச் சூடாம்." தர்க்கம் முழுக்க அக்கா பக்கம்தான். நம் சிறுபத்திரிகை நண்பர்களும் அவள் பக்கமே நிற்பார்கள் என்பது நிச்சயம். சௌகரியம் என்றாலே முகம் சுளிப்பது நம்மிடையே ஒரு தார்மீகமாக ஆகியிருக்கிறது. ஃபவுண்டன் பேனா, டிகிரி காப்பி விஷயங்களில் மட்டும் விலக்கு.

ஹாமில்ட்டன் நகரில் ஒரு காயலான் கடை. புதுப்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு அதைத் தனியாக வர்ணிக்க வேண்டாம். எண்ணெயும் கூச்சலும் குறைவு என்பதைத் தவிர வித்தியாசமில்லை. பின்னாலிருந்து மோதப்பட்டு உடைசலுக்கு வந்த ஒரு பாக்ஸ்டரிலிருந்து ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். 350 டாலர் சொன்னார்கள். ஏர்பேக்கும் சேர்த்து வாங்கினால் விலையில் சலுகை என்றார் கடைக்காரர். அத்தான் மறுத்துவிட்டார். தன் வண்டியில் இருப்பதையே மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். பழைய ஏர்பேக்கின் பூர்வோத்தரம் யாருக்குத் தெரியும்? தகாதா கம்பெனியின் ஏர்பேக்குகளில் இருந்த அமோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் உஷ்ணமும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஓட்டுகிறவன்மேல் வீசியது. கோடிக்கணக்கில் திரும்பப் பெற நேர்ந்து 2017இல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று.

சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு எங்கள் கிளையின் நகைக்கடன் கவுண்டர் ஞாபகம் வந்தது. மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் உரைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் சும்மா விரலால் சுற்றிப் பார்ப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, போட்டிருந்தவள் எந்தக் கையால் வேலை செய்கிறவள் என்பதெல்லாம் அவருக்கு அதில் கிடைத்துவிடும். எடையும் மாற்றும் அப்புறம்தான். எனக்குத் தெரிந்த சிறந்த விமர்சகர் அவர். இந்தச் சக்கரத்திலும் இடப்பக்கம், கடிகாரத்தில் பத்து மணி இருக்குமிடத்தில், தோல் பளபளத்துப்போயிருந்தது. உட்புறத்தில் சின்னச் சின்னக் கீறல்கள், மோதிரமாக இருக்கலாம். வலப்பக்கம் அநேகமாகப் புதிது. ஒற்றைக் கையால் ஓட்டிய ஆசாமி.

கடைத் திண்ணையிலேயே அத்தான் மல்டிமீட்டரை எடுத்துவிட்டார். சூடேற்றும் கம்பியின் இரண்டு முனைகளுக்கிடையே 2 ஓமுக்குச் சற்று மேல். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 60, 70 வாட். ஒரு காலத்தில் நம் வீடுகளில் எரிந்த குண்டு பல்பின் அளவு. கம்பி அறுந்திருந்தால் மீட்டர் எதையும் காட்டியிருக்காது. உள்ளே உஷ்ணத்தை அளக்க இன்னொரு நுண்பொருள் உண்டு, சூடேறினால் அதன் மின்தடை குறையும். அத்தான் அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எண் அசையவில்லை. அவர் கையில் சூடு இல்லை. "நீ பிடி மாப்ள" என்றார். நான் பிடித்தேன், எண் இறங்கத் தொடங்கியது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பொருத்துவது ஞாயிற்றுக்கிழமை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அரைமணி காத்திருந்தோம். ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் மின்சாரம் பேட்டரியைப் பிரித்த பிறகும் சிறிது நேரம் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். சக்கரத்தின் பின்புறத்திலிருந்து இரண்டு திருகுகளைக் கழற்றினால் ஏர்பேக் கையோடு வந்துவிடுகிறது. அதை முகம் மேலே இருக்கும்படிதான் வைக்கவேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் தானே எகிறிப் பறக்கும். பிறகு நடுவிலுள்ள பெரிய மறை. கழற்றுவதற்கு முன் முன்சக்கரங்கள் நேராக நிற்கவேண்டும், தண்டிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளவேண்டும்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது கிளாக் ஸ்பிரிங் என்கிற ஒரு தட்டை டப்பா. உள்ளே ரிப்பன் மாதிரியான மின்கம்பி, கடிகார வில் போலச் சுருண்டிருக்கிறது. சுழல்கிற பாகத்துக்கும் சுழலாத பாகத்துக்கும் இடையே ஓர் அறுபடாத இணைப்பு. இடப்பக்கம் திருப்பினால் விரிந்துகொடுக்கும், வலப்பக்கம் திருப்பினால் இறுகிக்கொடுக்கும். சரியாக நடுவில் நிறுத்திப் பொருத்தவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முழுசாகத் திரும்புகிற அன்று அறுந்துவிடும். ஹார்ன், ஏர்பேக் எல்லாம் இதன் வழியாகத்தான். அத்தான் வண்டியிலிருந்த டப்பாவில் சூட்டுக்கான இழை இல்லை. அதனால் அதையும் ஹாமில்ட்டனிலேயே சேர்த்து வாங்கியிருந்தோம்.

பெர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' (1974) நாவலில் ஓர் இடம் உண்டு. நண்பனுடைய விலை உயர்ந்த பைக்கில் கைப்பிடி வழுக்குகிறது. பியர் டப்பாவின் தகட்டை வெட்டிச் சொருகினால் சரியாகிவிடும் என்கிறான் கதைசொல்லி. நண்பனுக்கு அது அவமானமாகப் படுகிறது. பெர்சிக் இதன்மேல் கட்டுகிற தத்துவக் கோபுரம் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. ஆனால் அந்த நண்பனை எனக்குத் தெரியும். பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது தன் ரசனைக்கு இழுக்கு என்று நினைப்பவன். ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த ரகம். எஞ்சியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். அன்று முழுக்க நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன் மட்டுமே.

எல்லாம் பூட்டிய பிறகும் சக்கரம் சூடாகவில்லை. புது உறுப்பு வந்திருக்கிறது என்று காரின் கணினிக்கு அறிவிக்கவேண்டுமாம். அடுத்த தெருவில் இருக்கிற நண்பர் ஒருவர் லேப்டாப்போடு வந்து கால்மணியில் அதைச் செய்துகொடுத்துக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனார். இந்த இடத்தில் ஒரு வங்கி குமாஸ்தாவின் கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் பி.எம்.டபிள்யூ. தென் கொரியாவில் இருக்கைச் சூட்டுக்கு மாதச் சந்தா வைத்தது பெரிய பேச்சாயிற்று. கம்பி ஏற்கனவே இருக்கைக்குள் இருக்கிறது. பணம் கட்டினால் கணினி அனுமதிக்கும். எதிர்ப்பு வந்து 2023இல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். பொருளை விற்றுவிட்டு அதன் ஸ்பரிசத்தை மட்டும் வாடகைக்கு விடுவது! வட்டியில் புழங்குகிறவனுக்கே இது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. காயலான் கடைச் சக்கரத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை.

மாலையில் கூரையை மடக்கிவிட்டு கிங்ஸ்டன் ரோட்டில் போனோம். வெளியே 3 டிகிரி. சில நிமிஷங்களில் தோலிலிருந்து சூடு வந்துவிட்டது, புதிதாக இறக்கிவைத்த இட்லிச் சட்டியின் பக்கவாட்டு மாதிரி அல்ல, யாரோ பிடித்துவிட்டுக் கொடுத்த பாத்திரத்தின் சூடு. அத்தான் இடது கையைப் பத்து மணி இருக்குமிடத்தில் வைத்திருந்தார், முந்தைய ஆசாமி தேய்த்துவைத்த அதே பளபளப்பின் மேல். விரல்கள் சிவப்பாகவே இருந்தன. கட்டைவிரலால் தையலை மெள்ள நிமிண்டிப் பார்த்தார். "தையல் தெரியுது மாப்ள" என்றார். சிறிது தூரம் போனபிறகு மறுபடியும், "தெரியுது" என்றார்.

அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம். கியர் போடுவது வலது கை. கியர்க் குமிழின் தலையில் அலுமினியம். நாலாவது சிக்னலுக்குள் அவருடைய வலக்கை மோதிர விரலும் சுண்டுவிரலும் வெளுத்துவிட்டன. சிவப்பு விளக்குக்காக நின்றபோது அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, ஹாமில்ட்டன் கடை சனிக்கிழமை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று என்னிடம் பார்க்கச் சொன்னார்.